பின்னால் கிடக்கும் மூட்டை

"சார், இன்ஸ்பிரேஷனுக்கு என்ன பண்றது?"

புத்தகக் கண்காட்சியில் யாராவது கேட்டிருந்தால் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டேன். கேட்ட இடம், ஓசூர் சிப்காட்டில் ஒரு டீக்கடை. கேட்டவருக்கு இருபத்தேழு, இருபத்தெட்டு வயது இருக்கும். நகக்கண்ணில் கிரீஸ். கழுத்தில் கம்பெனி ஐ.டி. கார்டு. நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு வீட்டுக்குப் போகாமல் நின்றிருந்தார். கண்கள் சிவந்திருந்தன.

கணக்கு வேலை பார்க்கும் நண்பர் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். இந்தப் பத்தியில் வரும் போட்டோவை வைத்து என்னை அடையாளம் கண்டுபிடித்துவிட்டார் தம்பி. (அந்த போட்டோ எடுத்துப் பத்து வருஷமாகிறது. அவருடைய பார்வைக் கூர்மைக்கு இதுவே சாட்சி.)

விஷயம் இதுதான். தம்பி ஒரு கம்பெனியில் பவர் பிரஸ் ஓட்டுகிறார். ஷிஃப்ட் முடிந்ததும் தினமும் ஒரு சிறுகதை எழுதுகிறார். சும்மா சொல்லவில்லை, சத்தியமாகத் தினமும். நாற்பத்தோரு நாள், நாற்பத்தோரு கதை. மூன்று நோட்டு, ரப்பர் பேண்ட் போட்டு பையில் வைத்திருந்தார்.

"நாப்பத்திரண்டாவது வரமாட்டேங்குது சார். மூணு நாளா நோட்டைத் தொறந்து வச்சுட்டு உக்காந்திருக்கேன்."

அந்த இடத்தில் எந்தப் பத்தி எழுத்தாளனும் சொல்வதை நானும் சொன்னேன். நிறையப் படிங்க. மனுஷங்களைக் கவனிங்க. பயணம் போங்க.

சிரித்துவிட்டார். "எட்டு மணி நேரம் மிஷின் முன்னாடி நிக்கிறேன். எங்க சார் பயணம் போறது? ஜூஜூவாடி தாண்டினா கர்நாடகா. அதான் சார் எனக்கு ஃபாரின்."

பிறகு சிரிப்பில்லாமல் ஒன்று சொன்னார். எழுதுவதற்காக ஓ.டி. பார்ப்பதை விட்டுவிட்டாராம். "மாசம் நாலாயிரம் குறையுது. வீட்ல ஒண்ணும் சொல்லல. அதான் சார் பயமா இருக்கு."

என் டீ ஆறிப்போயிருந்தது. நோட்டுகளை வாங்கிக்கொண்டு கிருஷ்ணகிரிக்கு பஸ் ஏறினேன்.

* * *

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. சூளகிரி வருவதற்குள் பத்துக் கதைகள் முடிந்துவிட்டன. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பத்தும் தேறாது.

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஹீரோ. மழையில் பஸ் ஸ்டாப்பில் ஒரு பெண். டைரி. கேன்சர். கடைசி வரியில் ஒரு தற்கொலை, அல்லது செத்துப்போனவனிடமிருந்து ஒரு கடிதம். அத்திபெல்லே தாண்டி வேலைக்கே போயிராத தம்பிக்கு, எலெக்ட்ரானிக் சிட்டி காபி ஷாப்பில் காபி எப்படி இருக்கும் என்று எங்கிருந்து தெரியும்? சினிமாவிலிருந்துதான். எல்லாமே எங்கேயோ பார்த்தது, படித்தது, யாரோ பார்வர்டு செய்தது.

இதைக் கேலியாகச் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை எனக்குக் கிடையாது. 2020 ஊரடங்கில் நானும் தினம் ஒரு கதை என்று சபதம் எடுத்தவன்தான். நாடே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. ஆபீஸ் இல்லை, டிராஃபிக் இல்லை. சாக்கு சொல்லக்கூட ஒரு சாக்கு இல்லை. ஒன்பதாவது நாள் எழுதி முடித்துப் படித்துப் பார்த்தால், இரண்டு நாள் முன்பு டி.வி.யில் பார்த்த மலையாளப் படம். பெயர்களை மட்டும் மாற்றியிருந்தேன். அன்றோடு மூடி வைத்ததுதான். கேட்டவர்களிடம் வேலை ஜாஸ்தி என்று சொன்னேன்.

ஏன் இப்படி ஆகிறது? பி.காம். படித்தபோது காஸ்ட் அக்கவுன்டிங்கில் ஒரு பாடம் இருந்தது. குடோனில் இருக்கும் சரக்கை எந்த வரிசையில் வெளியே எடுத்ததாகக் கணக்கு எழுதுவது? முதலில் வந்தது முதலில் போகும் என்றால் ஃபிஃபோ. கடைசியில் வந்தது முதலில் போகும் என்றால் லிஃபோ. நம் நாட்டின் கணக்கியல் விதிகள் கம்பெனிகளின் சரக்குக்கு லிஃபோவை ஒப்புக்கொள்வதில்லை. மனசுக்கு அந்த விதி தெரியாது. அது முழுக்க லிஃபோ. நேற்று ராத்திரி பார்த்த படம் வாசலிலேயே கிடக்கிறது. கதை என்று கையை நீட்டினால் முதலில் அகப்படுவது அதுதான். சின்ன வயதில் பாட்டி வீட்டில் கேட்டது, அப்பா ஒருநாள் காரணமில்லாமல் அழுதது, முதல் சம்பளத்தில் செய்த துரோகம் எல்லாம் குடோனின் கடைசிச் சுவரோரம், மூட்டைக்குப் பின்னால் மூட்டையாகக் கிடக்கிறது. முன்னால் கிடப்பதைக் காலி செய்யாமல் அங்கே போக வழியில்லை.

ஒன்பதாவது நாள் நான் நிறுத்தினேன். வாசல் சரக்கைக்கூட முழுசாகத் தீர்க்காமல் குடோனே காலி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

* * *

அதே ஊரடங்கில் நாகர்கோவிலில் ஒருவர் நிறுத்தவில்லை. 2020 மார்ச்சில் ஜெயமோகன் தன் இணையதளத்தில் தினம் ஒரு சிறுகதை என்று வெளியிடத் தொடங்கினார். 'புனைவுக் களியாட்டு' என்று அதற்குப் பெயர். சில மாதங்களில் எண்ணிக்கை நூறைத் தொட்டது. இதில் இன்னொரு சங்கதி, 2014 ஜனவரியிலிருந்து தினம் ஓர் அத்தியாயமாக வந்துகொண்டிருந்த 'வெண்முரசு', 26 நாவல்களோடு முடிந்ததும் அதே 2020இல்தான். அதாவது ஒரு கையில் மகாபாரதம், இன்னொரு கையில் தினக் கதை.

அவருடைய கருத்துகளோடு சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த வேலைக்கு நான் வரவில்லை. எனக்கு வேண்டியது ஒரே ஒரு கேள்விக்குப் பதில். நூறு நாள் கதைக்கு எங்கிருந்து சரக்கு வந்தது?

அந்தக் கதைகளைப் பிறகு தொகுப்புகளாகப் போட்டார்கள். அதில் ஒரு தொகுப்பு 'வான் நெசவு'. முழுக்க முழுக்க டெலிபோன் டிபார்ட்மென்ட் கதைகள். கேபிள், டவர், எக்ஸ்சேஞ்ச், அங்கே வேலை பார்த்த மனிதர்கள். 'குருவி' என்று ஒரு கதை. கேபிள் இணைப்பதில் கைதேர்ந்த ஒரு தொழிலாளியைப் பற்றியது. மேலதிகாரிகளுக்கு அவன் ஒரு தலைவலி. ஆனால் அவன் விரல்கள் செய்வதை வேறு யாராலும் செய்ய முடியாது. கலைஞன் என்ற சொல்லை எங்கே வைக்க வேண்டும் என்று அந்தக் கதை காட்டுகிறது.

இது எங்கள் பக்கத்துச் சரக்கும்கூட. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004இல். அதற்கு முன்னால் ஓசூர் உட்பட எல்லாமே தர்மபுரி மாவட்டம். காசர்கோட்டில் தொலைபேசித் துறையில் வேலை பார்த்த ஜெயமோகன், பிறகு பல வருஷம் அதே துறையில் தர்மபுரியில் இருந்தார். 1997இல் வந்த 'விஷ்ணுபுரம்' அந்த வருஷங்களில் உருவானது. அப்போது யாராவது, 'சார், இந்த கேபிள், ஜாயின்ட் எல்லாம் ஒருநாள் உங்களுக்குக் கதையாகும்' என்று சொல்லியிருந்தால் அவரே நம்பியிருப்பாரோ என்னவோ. அந்த மூட்டை இருபது, முப்பது வருஷம் சுவரோரம் கிடந்தது. 2020இல் தினம் ஒன்று என்று எடுக்க ஆரம்பித்த பிறகு ஒரு தொகுப்பளவுக்கு வெளியே வந்தது.

இன்னொரு தொகுப்பு 'ஆனையில்லா'. தலைப்புக் கதையில் ஒரு வீட்டுக்குள் யானை மாட்டிக்கொள்கிறது. ஊரே கூடி அதை வெளியே எடுக்கப் பார்க்கிறது. அவ்வளவுதான் கதை. தமிழில் சமீபத்தில் வாய்விட்டுச் சிரிக்கவைத்த கதைகளில் அதற்கு முதல் வரிசையில் இடம் கொடுப்பேன். 'மாயப்பொன்' வேறு மாதிரி. காட்டுக்குள் சாராயம் காய்ச்சும் ஒருவன், ஒரு குறையும் சொல்ல முடியாத ஒன்றை வடித்துவிட வேண்டும் என்று தவிக்கிறான். தினமும் கதை வடித்துக்கொண்டிருந்த ஒருவர் எழுதியது என்று தெரிந்து படித்தால், அந்தக் கதைக்கு இன்னொரு அர்த்தம் கிடைக்கிறது.

நூறும் இப்படி இருக்கிறதா? இல்லை. வரிசையாகப் படித்தால் சில தழும்புகள் தெரிகின்றன. சில கதைகளில் ஆட்கள் உட்கார்ந்து பேசியே நமக்கு எல்லாவற்றையும் விளக்கிவிடுகிறார்கள். சில கதைகள் முடிவில் ஒரே மாதிரி உயரத்துக்கு எழும்பி நிற்கின்றன. தனியாகப் படித்தால் சிலிர்ப்பு. அடுத்தடுத்து நாலு படித்தால், 'ஓ, இப்ப எழும்பப் போகுது' என்று முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது. தினக் கதைக்கு இது ஒரு விலை. ஆறப்போட்டிருந்தால் அவரே வெட்டியிருக்கக்கூடிய பக்கங்கள் அவை என்பது என் எண்ணம்.

ஆனால் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நூறும் நூறு தனித்தனி உலகங்கள் இல்லை. டெலிபோன் கதைகள் ஒரு குடும்பம். ஔசேப்பச்சன் என்ற துப்பறிவாளர் வரும் கதைகள் ஒரு குடும்பம். பழைய திருவிதாங்கூர்க் கதைகள் ஒரு குடும்பம். ஒரு கதவு திறந்துவிட்டால் அதன் வழியாக ஏழெட்டுக் கதைகள் வந்துவிடுகின்றன. இது ஏன் முக்கியம் என்பதை எந்த விமர்சகரும் எனக்குச் சொல்லவில்லை. பவர் பிரஸ் தம்பி சொன்னார். அதற்கு வருகிறேன்.

* * *

வேகமாக எழுதுவது பாவமா என்ற பஞ்சாயத்து தமிழில் மட்டும் நடப்பதில்லை.

1886 மார்ச். ரஷ்யாவில் ஒரு டாக்டர், வயது 26. குடும்பத்தைக் காப்பாற்றப் பத்திரிகைகளுக்குக் கதைகளாக எழுதித் தள்ளிக்கொண்டிருந்தார். பெயர் செகாவ். மூத்த எழுத்தாளர் கிரிகோரோவிச்சிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. உன்னிடம் நிஜமான திறமை இருக்கிறது, அவசர அவசரமாக எழுதி அதை வீணாக்காதே என்று. செகாவ் ஆடிப்போய்விட்டார். பதில் கடிதத்தில் ஒப்புக்கொள்கிறார்: எந்தக் கதைக்கும் ஒரு நாளுக்கு மேல் செலவழித்ததாக எனக்கு ஞாபகமில்லை. உங்களுக்குப் பிடித்த 'வேட்டைக்காரன்' கதையை நான் குளியலறைக் கொட்டகையில் வைத்து எழுதினேன்.

இந்தக் கடிதத்தை எல்லோரும் ஒரு பக்கமாகத்தான் படிக்கிறார்கள். 'பார்த்தீர்களா, பெரியவர் சொன்னார், பையன் திருந்திவிட்டான்.' உண்மைதான். அந்த 1886இல் நூறு கதைகளுக்கு மேல் எழுதியவர், 1888இல் ஏறக்குறைய ஒரு டஜனோடு நிறுத்திக்கொண்டார். நீளமான 'ஸ்டெப்பி' வந்தது அந்த வருஷம்தான்.

ஆனால் மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கிரிகோரோவிச்சைக் கடிதம் எழுத வைத்த கதை எது? ஒரே நாளில், குளிக்கிற இடத்தில் எழுதிய கதை. அதற்கு முன்னால் எழுதிய நூற்றுக்கணக்கான துண்டுக் கதைகள், ஜோக்குகள், விடுகதைகள் எல்லாம் வாசல் சரக்கு. அவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டே போனதால்தான் அந்த வேட்டைக்காரன் அகப்பட்டான். வேகம் அவருக்கு வழியைத் திறந்தது. நிதானம் அவரைப் பெரிய எழுத்தாளராக்கியது. இரண்டில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு உபதேசம் செய்கிறவர்கள் பாதிக் கடிதம் படித்தவர்கள்.

நிதானத்துக்கு வெளியூர் போகவேண்டியதில்லை. ஓசூரிலேயே இருந்துகொண்டு எழுதிய பா.வெங்கடேசனின் 'தாண்டவராயன் கதை' 2008இல் வந்தது. அடுத்த நாவல் 'பாகீரதியின் மதியம்' 2016இல். நடுவில் எட்டு வருஷம். அதுவும் ஒரு கணக்குதான். எந்தக் கணக்கு யாருக்கு என்பதுதான் கேள்வி.

* * *

பஸ் குருபரப்பள்ளி தாண்டிக்கொண்டிருந்தது. தம்பியின் இருபதாவது கதைக்கு மேல் ஏதோ மாறிக்கொண்டு வந்தது. ஐ.டி. ஹீரோக்கள் குறைந்தார்கள். கேன்சர் காணாமல் போனது. ராயக்கோட்டையில் விலை கிடைக்காமல் ரோட்டில் கொட்டிய தக்காளி ஒரு கதையில் வந்தது. ரூமில் கூடத் தங்கியிருந்த ஒடிசா பையன் ஒரு கதையில் வந்தான். எழுத்தும் மாறியிருந்தது. வாக்கியங்கள் சின்னதாகிவிட்டன. அழகாக எழுதத் தெம்பில்லை போல.

முப்பத்தோராவது கதை.

அப்பா சானமாவு காட்டோரம் ராகி போட்டிருக்கிறார். அறுவடை சமயம், யானை வரும் காலம். ராத்திரி முழுக்கப் பரண்மேல் காவல். மகன் சிப்காட்டில் நைட் ஷிஃப்ட். தினமும் ராத்திரி டீ பிரேக்கில் இரண்டு பேரும் போனில் பேசுவார்கள். பெரிதாக ஒன்றுமில்லை. சாப்பிட்டியா, பனி ஜாஸ்தியா, அவ்வளவுதான். ஒருவரை ஒருவர் தூங்காமல் பார்த்துக்கொள்வதற்கு ஒரு பேச்சு. ஷாப் ஃப்ளோரில் போன் கூடாது, லாக்கரில் வைத்துவிட வேண்டும். ஒருநாள் ஆர்டர் அவசரம், பிரேக் தள்ளிப்போகிறது. மகன் பிரஸ்ஸை ஓட்டிக்கொண்டே பீஸ்களை எண்ணுகிறான். கை எண்ணுகிறது, மனசு பரணில் இருக்கிறது. கடைசியில் லாக்கரைத் திறந்தால் நாலு மிஸ்டு கால். கை நடுங்கக் கூப்பிடுகிறான். அப்பா எடுக்கிறார்.

"ஒண்ணுமில்லடா. தூக்கம் வந்துச்சு. அதான் கூப்பிட்டேன்."

கதை அங்கே முடிந்துவிடுகிறது. யானை வரவே இல்லை.

நான் பஸ் ஜன்னலுக்கு வெளியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் பக்கத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருந்ததைக் கவனித்தேன். ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் தேதி போட்டிருப்பார். இதற்குக் கீழே தேதியோடு ஒரு குறிப்பு: 'இன்னிக்கு கதை எதுவும் கிடைக்கல. அதனால இது.'

இன்ஸ்பிரேஷன் என்று அவர் தேடிக்கொண்டிருந்தது வராத நாளில்தான் இந்தக் கதை வந்திருக்கிறது. வாசலில் ஒன்றும் மிச்சமில்லை. வேறு வழியில்லாமல் உள்ளே போயிருக்கிறார். கையில் தட்டுப்பட்டதை வெளியே தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். அது சரக்கு என்றே அவருக்குத் தெரியவில்லை. ஸ்டாக் ரிஜிஸ்டரில் ஏறாத மூட்டை.

தினம் ஒரு கதை எழுதுவதன் உபயோகம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. தினமும் நல்ல கதை வரும் என்பதற்காக அல்ல. இரவல் சரக்கு சீக்கிரம் தீர்ந்துபோகும் என்பதற்காக. வருஷத்துக்கு இரண்டு கதை எழுதுகிறவர், மழையையும் பஸ் ஸ்டாப்பையும் தாண்டுவதற்கு இருபது வருஷமாகிவிடும். தம்பி முப்பது நாளில் தாண்டிவிட்டார். நாலாயிரம் ரூபாய் வீணாகவில்லை.

* * *

ராத்திரி போன் பண்ணினேன். முப்பத்தோராவது கதையைப் பற்றிச் சொன்னேன். எதிர்முனையில் சத்தமே இல்லை.

"அதெல்லாம் கதையா சார்? அது எங்க வீட்ல நடக்கறது."

"அதான் தம்பி கதை. அந்த மிச்ச நாப்பதுதான் யார் வீட்லயும் நடக்காதது."

பிறகு நூறு கதை சமாசாரத்தையும் அது குடும்பம் குடும்பமாக வந்ததையும் சொன்னேன். உடனே பிடித்துக்கொண்டார்.

"டை மாத்தற மாதிரி சார். எங்க பிரஸ்லயும் டை மாட்டி, செட்டிங் பார்க்கறதுலதான் நேரம் போகும். செட்டாயிட்டா தடதடன்னு பீஸ் வரும். தினமும் புது டை மாட்டினா எப்படி சார் புரொடக்‌ஷன் வரும்? நான் தினமும் புது ஊரு, புது ஆளுன்னு போயிருக்கேன். அந்தப் பரண்லயே இன்னும் நாலு கதை இருக்கு."

"அப்படின்னா நிறுத்தாம ஓட்டிக்கிட்டே இருக்கலாமா?"

"அதெப்படி சார்? டை தேஞ்சா பீஸ் ஓரத்துல பர் வரும். கையைக் கிழிச்சுடும். கழட்டி கிரைண்டிங்குக்கு அனுப்பணும். அதுவரைக்கும் மிஷினை நிறுத்தித்தான் ஆகணும்."

ஜெயமோகனின் நூறு கதைகளில் நான் பார்த்த தழும்புக்கும், செகாவ் 1888இல் செய்ததற்கும் இதைவிடச் சரியான விளக்கம் எனக்குத் தெரியாது.

அதனால் அவரிடம் சொன்னது இவ்வளவுதான். தினம் ஒன்று போதும், நிறுத்துங்கள். ஓ.டி.க்குப் போங்கள், வீட்டில் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறவரை அதற்கு மேல் சோதிக்க வேண்டாம். முப்பத்தோராவது கதையை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு மாதம் உட்காருங்கள். மூன்று மாதம் கழித்து, பரண் காலியானதும், வேண்டுமானால் மறுபடி நாற்பது நாள் ஓடுங்கள். அப்போது வாசலில் வேறு ஏதாவது குப்பை சேர்ந்திருக்கும். அதையும் தள்ளித்தானே ஆகவேண்டும்?

"சரி சார். ஆனா நாப்பத்திரண்டு வந்துடுச்சு. சாயந்திரம் எழுதிட்டேன்."

"எதைப் பத்தி?"

கொஞ்சம் தயங்கினார். "ஒரு பத்திரிகைக்காரர் சார். டீக்கடைல ஒருத்தனுக்கு அறிவுரை சொல்லிக்கிட்டே இருக்கார். டீ ஆறிப்போயிடுது. கடைசில அவர் அவன் நோட்டை வாங்கிட்டுப் போறார். அப்பதான் அவனுக்குத் தெரியுது, அவருக்கும் எழுத வரலைன்னு."

மறுநாள் வாட்ஸ்அப்பில் போட்டோ எடுத்து அனுப்பினார். படித்தேன். நன்றாகத்தான் இருந்தது.

அன்று ராத்திரி நானும் ஒரு நோட்டை எடுத்து, மேலே 10 என்று எண் போட்டேன்.